தூக்குக் கயிறும் புனர்வாழ்வும்: போதைப்பொருள் சட்டம் யாரைப் பிடிக்கிறது?

போதைப்பொருள் பற்றி வடக்கில் எந்தக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் சிறிது நேரத்தில் ஒரு வசனம் வந்துவிடும்: "உவங்களைத் தூக்கில போடவேணும்." பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம், கோயில் நிர்வாக சபை, மாதர் சங்கம், மரண வீடு என்று எல்லா இடங்களிலும் நான் இதைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் இன்னொன்றும் வரும்: "இயக்கம் இருந்திருந்தா உது நடந்திருக்குமே?" 2018 ஜூலையில் அப்போதைய இராஜாங்க அமைச்சர் விஜயகலா மகேஸ்வரன் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய இதையே மேடையில் சொன்னார். பதவியையும் இழந்தார். கொழும்பு அதைப் பிரிவினைவாதமாகக் கேட்டது. இங்கிருந்தவர்களில் பலருக்கு அது பெற்றோரின் பயமாகத்தான் கேட்டது.

அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கசிப்பும் கஞ்சாவும் மட்டும் தெரிந்திருந்த கிராமங்களுக்குள் ஹெரோயின் வந்தது, பிறகு ஐஸ் வந்தது. போரில் பிள்ளைகளை இழந்தவர்கள் போருக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளையும் இழந்துவிடுவோமோ என்று நினைக்கிறார்கள். ஆனால் "கடுமையான சட்டம் வேண்டும்" என்று கேட்பவர்களில் பலருக்கு அந்தச் சட்டம் 40 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது என்பது தெரியாது. அது யாரைப் பிடிக்கிறது, பிடித்தவர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதும் தெரியாது. தெரிந்தால், போரைக் கடந்துவந்த நாம் அதே கோரிக்கையை இவ்வளவு இலகுவாக வைக்கமாட்டோம் என்பது என் எண்ணம்.

இலங்கையில் இந்த விடயத்துக்கு அடிப்படைச் சட்டம் நஞ்சு, அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தில், 1929 இல் எழுதப்பட்டது. 1984 இல் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அதன் 54அ பிரிவின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்தினாலோ உடைமையில் வைத்திருந்தாலோ தண்டனை இரண்டே இரண்டுதான்: மரணம் அல்லது ஆயுள் சிறை. 2022 இல் 41 ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைனையும் இதற்குள் கொண்டுவந்தது. அதற்கு எல்லை 5 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

இங்கே கணக்கில் எடுக்கப்படுவது தூய அளவு. வீதியில் விற்கப்படும் ஒரு பக்கற்றில் கலப்படமே அதிகம். ஆகவே ஒரு பக்கற்றோடு பிடிபடும் பெடியன் நேராகத் தூக்கு மேடைக்குப் போவதில்லை. மிகச் சிறிய அளவென்றால் நீதிவான் நீதிமன்றத்திலேயே தண்டப்பணத்தோடு முடியலாம். அந்தப் பணத்தைக் கட்ட முடியாதவர் சிறைக்குப் போவார். இந்நாட்டுச் சிறைகளில் கணிசமான தொகையினர் அப்படிப் போனவர்கள்தான். ஆனால் நாள்தோறும் பாவிப்பவனிடம் நாள்தோறும் காசு இருப்பதில்லை. தன் பங்கைப் பெறுவதற்காக அவன் இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். அப்போது அவன் கையில் 10, 20 பக்கற்றுகள் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவன் இப்போது கடத்தல்காரன். பாகிஸ்தான், ஈரான் கரையோரமாக வள்ளங்களில் ஏற்றி, நடுக்கடலில் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்கு மாற்றி, நூற்றுக்கணக்கான கிலோவை இந்தத் தீவுக்குள் இறக்குபவருக்கும் அவனுக்கும் தலைப்பு ஒன்றுதான். கிராம் கணக்கில் எழுதப்பட்ட சட்டத்துக்கு முன்னால் நிற்பவன் நோயாளியா, வியாபாரியா என்று தெரியாது.

பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை என்ன நடக்கிறது என்பதுதான் பலர் அறியாத பகுதி. பிடிபட்டவரை நீதிவானின் அனுமதியோடு 7 நாட்கள் வரை பொலிஸ் தடுப்பில் வைத்து விசாரிக்கலாம். அதன் பிறகு விளக்கமறியல். 54அ பிரிவின் கீழ் வரும் சந்தேகநபருக்கு நீதிவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்குப் போய் "விதிவிலக்கான சூழ்நிலை" ஒன்றைக் காட்ட வேண்டும். 2022 திருத்தத்தின் பின்னர், தூய அளவு 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் பிணை பற்றித் தீர்மானிக்கும். அந்த நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி சட்டத்தரணி பிடித்துக் கொழும்புக்குப் போய் வழக்காட வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல. தடுப்புக்காவல், பிணை மறுப்பு, திகதிக்கு மேல் திகதி எல்லாம் நாம் முன்பே பார்த்தவை.

பொலிஸ் தடுப்பு என்பதையும் நாம் அறியாதவர்கள் அல்ல. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில் திருட்டுச் சந்தேகத்தில் கைதான இளைஞர் ஒருவர் தடுப்பில் தாக்கப்பட்டு இறந்தார் என்று ஊரே வீதிக்கு வந்தது. அடுத்த மாதம், டிசம்பர் 17 அன்று, "யுக்திய" நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுக்குள் நாடெங்கும் பல பத்தாயிரம் பேர் கைதானார்கள். தேடுதல் ஆணையின்றி வீடுகளுக்குள் புகுந்ததாகவும் சித்திரவதை நடந்ததாகவும் வந்த முறைப்பாடுகள் குறித்து ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியிலேயே கவலை வெளியிட்டது. வட்டுக்கோட்டைக்காக வீதியில் நின்ற சிலரே யுக்தியவுக்குக் கைதட்டியதையும் பார்த்தேன். "இது வேற விசயம்" என்றார்கள். அதே பொலிஸ் நிலையம், அதே அறை. எப்படி வேறு விடயமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நீதிமன்ற வளாகம் ஒன்றில் ஒரு தாயோடு பேசக் கிடைத்தது. மகனுக்கு 20 வயது தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். அவனுடைய கட்டிலுக்குக் கீழே பொதியைக் கண்டுபிடித்தது அவர்தான். பொலிஸுக்குச் சொன்னதும் அவர்தான். "தம்பி, கொண்டுபோய் மருந்து குடுத்து, கொஞ்ச நாளில விடுவினம் எண்டுதான் நினைச்சன்." எட்டு மாதங்களாக விளக்கமறியல். சட்டத்தரணி, நீதிமன்றம் புனர்வாழ்வுக்கு அனுப்பக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் அழத் தொடங்கிவிட்டாராம். "மூத்தவனையும் புனர்வாழ்வு எண்டுதானே 2009 இல கொண்டுபோனவை. ரெண்டு வருசம் கழிச்சுத்தான் விட்டவை. திரும்பி வந்தவன் இண்டைக்கும் எங்களோட வடிவாக் கதைக்கிறேல்லை." பெற்ற பிள்ளைக்கு வைத்தியம் வேண்டும் என்று நினைத்த ஒரு தாய்க்குத் தெரிந்த கதவு பொலிஸ் நிலையத்தின் கதவு மட்டும்தான்.

அவர் பயந்ததில் பிழையில்லை. 2009 இல் சரணடைந்த ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வளித்த அதே பணியகம்தான், அந்த வேலை குறைந்த பின்னர், போதைக்கு அடிமையானவர்களைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. பொலன்னறுவைப் பக்கம் கந்தக்காடு, சேனபுர என்ற பெயர்கள் முன்னாள் போராளிகளின் குடும்பங்களுக்குப் பழக்கமானவை. இன்று அவை போதைப் புனர்வாழ்வு நிலையங்களின் பெயர்கள். பெயர்ப்பலகை மாறியது, ஆனால் உள்ளே பொறுப்பாக இருந்தவர்கள் படையினர். 2022 ஜூன் இறுதியில் கந்தக்காட்டில் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு பல நூறு பேர் தப்பியோடினார்கள். அந்த மரணம் தொடர்பாகக் கைதானவர்கள் இராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்தவர்கள்.

அதே ஆண்டு செப்டெம்பரில் அரசாங்கம் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதில் போதைக்கு அடிமையானவர்கள், முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்களின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். ஒரு பக்கற் ஹெரோயினோடு பிடிபட்ட பெடியனும் முன்னாள் போராளியும் அரசின் பார்வையில் "திருத்தப்பட வேண்டிய" ஒரே வகை. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று கண்டது. முன்னாள் போராளிகளையும் ஏனையோரையும் நீக்கிய பிறகே 2023 ஜனவரியில் அது சட்டமானது. அன்று அந்தச் சட்டமூலத்தை எதிர்த்து நாம் குரல் கொடுத்தோம், சரி. ஆனால் முன்னாள் போராளிகள் என்ற சொல் போனதும் எங்கள் அக்கறையும் போய்விட்டது. எஞ்சியிருந்தவர்களும் எங்கள் பிள்ளைகள்தான்.

இனி மரண தண்டனை. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். ஹெரோயினுக்கு மரண தண்டனை வந்தது அதன் பிறகு, 1984 இல். ஆக இந்தக் குற்றத்துக்கு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன, ஆனால் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிலிப்பைன்ஸுக்குப் போய் டுட்டேர்ட்டேயைப் பாராட்டிவிட்டு வந்து, அலுகோசு வேலைக்கு விண்ணப்பம் கோரி, நான்கு பேரின் மரண தண்டனைக்குக் கையொப்பமும் வைத்தார். உயர் நீதிமன்றம் ஜூலை 5 அன்று இடைக்காலத் தடை விதித்தது. அந்த நான்கு பேரும் போதைப்பொருள் வலையமைப்பின் தலைகளா வால்களா என்று மக்களுக்குத் தெரியவரவில்லை.

தலைகளுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மாக்கந்துர மதுஷ் 2019 இல் டுபாயில் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார். 2020 ஒக்டோபரில், ஹெரோயின் இருக்கும் இடத்தைக் காட்டவென்று பொலிஸார் மாளிகாவத்தைக்குக் கூட்டிப்போனபோது துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நீதிமன்றத்தில் அவர் வாயைத் திறந்திருந்தால் எத்தனை அரசியல்வாதிகளின், எத்தனை அதிகாரிகளின் பெயர்கள் வெளிவந்திருக்கும் என்ற கேள்வி அவரோடு புதைந்தது.

உண்மையிலேயே தூக்கிலிடும் நாடு எது என்று கேட்டால் எல்லோரும் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் தூக்கு. 2013 இல் ஒரு தளர்வு வந்தது: வெறுமனே பொதி காவியவராக இருந்து, வலையமைப்பைப் பிடிக்கப் பெறுமதியான தகவல் கொடுத்து உதவினார் என்று அரச தரப்பு சான்றளித்தால் நீதிபதி உயிரை விட்டுவைக்கலாம். இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். மேலே இருப்பவர்களைத் தெரிந்தவன் தப்புவான். ஒன்றும் தெரியாமல் பொதியை மட்டும் காவியவன் சாவான். 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் மலேசியத் தமிழர். கொண்டுவந்தது ஏறக்குறைய 43 கிராம். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா ஒரு கிலோ கஞ்சாவுக்காகத் தூக்கிலிடப்பட்டார். அவர் அந்தக் கஞ்சாவைக் கையால் தொட்டிருக்கவில்லை. தொலைபேசி இலக்கங்கள்தான் அவரைக் குற்றத்தோடு இணைத்தன. இந்தோனேசியாவில் 2015 இல் சுட்டுக் கொல்லப்பட்ட மயூரன் சுகுமாரன் எங்களவர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். அவர் ஹெரோயின் கடத்தலை ஒழுங்கு செய்தவர்களில் ஒருவர், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 10 ஆண்டுகள் சிறையில் இருந்து, ஓவியம் கற்று, மற்றக் கைதிகளுக்கும் கற்பித்த மனிதனைத்தான் கடைசியில் சுட்டார்கள். அன்று இங்கே எத்தனை பேர் அவருக்காக மன்றாடினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. தூக்கில் போடச் சொல்பவர்களும் அதில் இருந்தார்கள்.

"அப்போ எல்லாத்தையும் திறந்து விடச் சொல்லுறீரோ?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இரண்டு சொற்கள் இங்கே குழம்பிக் கிடக்கின்றன. சட்டபூர்வமாக்கல் என்றால் சாராயம் போல அனுமதிப்பத்திரத்தோடு கடையில் விற்பது. கனடா 2018 இல் கஞ்சாவுக்குச் செய்தது அது. குற்றநீக்கம் என்பது வேறு. விற்பது, கடத்துவது குற்றமாகவே இருக்கும். பாவிப்பவரைக் குற்றவாளியாக நடத்துவது மட்டும் நிற்கும். நான் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

அதற்குப் போர்த்துக்கலைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் போர்த்துக்கலின் கதையில் எங்களுக்கு நெருக்கமான பகுதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அதுவும் ஒரு போருக்குப் பிந்தைய சமூகம். ஆபிரிக்கக் காலனிகளில் 13 ஆண்டுகள் போர் செய்து, 1974 இல் சர்வாதிகாரம் கவிழ்ந்த பிறகு, படையினரும் குடியேறியிருந்த இலட்சக்கணக்கானோரும் திரும்பி வந்தார்கள். மூடிக் கிடந்த நாடு திடீரெனத் திறந்தது. 1990களில் சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் ஹெரோயினுக்கு அடிமை என்று மதிப்பிடும் அளவுக்கு நிலைமை போனது. தண்டனைகள் இருந்தன, பலிக்கவில்லை. 2001 ஜூலை முதல் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 10 நாட்களுக்குப் போதுமான அளவு வைத்திருப்பவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்த மூவர் கொண்ட குழுவின் முன் உட்காருகிறார். உடுப்புப் போட்டவர் யாரும் அங்கே இல்லை. அடிமையாகிவிட்டவரைச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். மற்றவரை எச்சரித்து விடுவார்கள். சிறைக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதி மெத்தடோன் மருந்துக்கும் ஆலோசகர்களுக்கும் போனது. ஹெரோயின் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அளவுமீறிய பாவனையால் வரும் மரணங்களும் ஊசி மூலம் பரவிய எச்.ஐ.வி. தொற்றும் பெருமளவு குறைந்தன.

இதைப் பாதியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இருக்கிறது. 2020 இல் மக்கள் வாக்களித்துப் பாவனையைக் குற்றமற்றதாக்கினார்கள். 100 டொலர் தண்டச் சீட்டு, அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு. சிகிச்சை நிலையங்களுக்கான பணம் மெதுவாக வந்தது, ஃபென்ரனில் என்ற கொடிய மருந்து விரைவாக வந்தது. வீதியோரங்களில் மக்கள் சாவதைக் கண்ட வாக்காளர்கள் கோபமடைந்தார்கள். 2024 செப்டெம்பரில் அது மீண்டும் குற்றமாகியது. கதவைத் திறந்துவிட்டு உள்ளே வைத்தியரை வைக்காவிட்டால் அப்படித்தான் முடியும். எங்களிடம் வைத்தியரும் இல்லை, கதவும் திறக்கவில்லை.

கஞ்சா விடயத்தில் அரசின் இரட்டை முகத்தையும் சொல்லிவிட வேண்டும். 1961 ஆயுர்வேதச் சட்டத்தின் வழியாகச் சுதேச வைத்தியத்தில் அதற்கு இடமுண்டு. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராயக் குழு அறிவித்தார்கள். 2025 இல் மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அதற்கு அனுமதியும் கிடைத்தது. டொலர் கொண்டுவருபவருக்கு அது மூலிகை. பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் கேரளக் கஞ்சாப் பொதியை மாதகலிலோ தலைமன்னாரிலோ கரையில் நின்று தூக்கும் கூலிக்கு அது குற்றம்.

"ஆமிதான் கொண்டுவந்து குடுக்கிறான்" என்ற பேச்சைப் பற்றியும் கேட்பார்கள். ஆதாரமின்றி அதை நான் எழுதமாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. இவ்வளவு முகாம்கள், இவ்வளவு கடற்படைத் தளங்கள், இவ்வளவு புலனாய்வாளர்கள் இருக்கும் ஒரு மாகாணத்தில், நினைவேந்தலுக்கு விளக்கேற்றுபவரின் பெயர் அடுத்த நாளே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தூள் விற்பவரின் பெயர் தெரியவில்லை என்றால் எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்குப் பதில் தராமல், போதையை ஒழிக்க இன்னும் சோதனைச் சாவடி வேண்டும் என்று எங்கள் பிரதிநிதிகளே கேட்பது எனக்கு விளங்காத அரசியல். காணியை விட்டு வெளியேறு என்று ஒரு தீர்மானம், காவலுக்கு வா என்று இன்னொரு தீர்மானம்.

இயக்கம் இருந்த காலத்தில் இல்லையே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்போது பாதைகள் மூடியிருந்தன, கையில் காசு இல்லை, தண்டனைக்கு மேன்முறையீடும் இல்லை. அந்த மூன்றையும் திரும்ப விரும்புகிறோமா? பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் கூட்டு மனவடு பற்றியும் போருக்குப் பின் பெருகிய குடி பற்றியும் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். தகப்பன் குடியில் கிடக்கும் வீட்டில் வளர்ந்த மகன் தூளில் கிடக்கிறான் என்றால் அது பொலிஸ் விடயம் மட்டுமல்ல.

2025 ஒக்டோபர் இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க "முழு நாடுமே ஒன்றாக" என்று புதிய செயற்றிட்டத்தைத் தொடங்கினார். இதில் ஊர் மட்டத்திலும் பேசச் சொல்கிறார்கள். பேசக் கிடைத்தால் கேட்க வேண்டியது கயிறு அல்ல. போதைக்கு அடிமையானோருக்குச் சிகிச்சையளிப்பதற்கென்று 2007 இலேயே 54 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. ஒருவர் தானாகவும் சிகிச்சைக்குப் போகலாம், நீதிமன்ற உத்தரவின்பேரிலும் அனுப்பப்படலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்ட காலமாக நடத்தும் வதிவிட நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ என்று தெற்கிலும் மத்தியிலும் இருக்கின்றன. ஆலோசனை என்பது மொழியால் செய்யும் வைத்தியம். அது தமிழில், சீருடை இல்லாதவர்களால், வீட்டார் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் கிடைக்க வேண்டும்.

அதுவரை பெற்றோருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சிறியது. கைதுக்கு முன்னும் கைதுக்குப் பின்னும் சட்டம் வேறுவேறாக நடக்கிறது. பிடிபடுவதற்கு முன் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனால் அவன் நோயாளி. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன, காசில்லாமல் பார்ப்பார்கள். பிடிபட்ட பின்னர் முதலில் தேட வேண்டியவர் சட்டத்தரணி. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். எதில் கையொப்பம் வைக்கிறோம், அது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை கிராம் என்று குறித்திருக்கிறார்கள் என்பதை அன்றே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் எந்த நீதிமன்றம், பிணை உண்டா, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் முடிவாகும்.